அனிமேஷன் படிக்கப் போற தம்பிக்கும் அடகுக் கடைக்குப் போற அப்பாவுக்கும்

"100% வேலை உத்தரவாதம்"னு ஃப்ளெக்ஸ் கட்டி வச்சிருக்கிற அனிமேஷன், விஎஃப்எக்ஸ் பள்ளிகளைப் பார்த்து எனக்கு ஒரே ஒரு கேள்வி. என்ன வேலைய்யா அது?

மக்களே, இதை யாரும் கேக்குறதே இல்லை. "என்னென்ன சாஃப்ட்வேர் சொல்லித் தருவீங்க?"ன்னுதான் கேக்குறாங்க. அவங்களும் மாயா, நியூக், ஹூடினின்னு ஓட்டல் சர்வர் மாதிரி மூச்சு விடாம ஒப்பிக்கிறாங்க. அப்பா அசந்து போய் அட்வான்ஸ் கட்டிடுறாரு.

நான் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன், அதனால இதைத் தைரியமா சொல்றேன். சாஃப்ட்வேர் பேரைச் சொல்லி லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்குறது பகல் கொள்ளை. ப்ளெண்டர் முழுக்க இலவசம். நியூக்குக்கும் ஹூடினிக்கும் கத்துக்கிறவங்களுக்குன்னே இலவசப் பதிப்பு இருக்கு. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கின 'ஃப்ளோ' படத்தை உருவாக்கினதே ப்ளெண்டர்லதான். சுத்தியல் சும்மா கிடைக்கிற ஊர்ல, சுத்தியலைக் காட்டியே காசு பாக்குறாங்க.

சரி, அந்த 'உத்தரவாத' வேலை? பெரும்பாலும் ரோட்டோ. ஹீரோவைப் பின்னணியிலிருந்து பிரிக்க, அவர் உருவத்தைச் சுத்தி ஃப்ரேம் ஃப்ரேமா கோடு போடணும். வினாடிக்கு 24 ஃப்ரேம், அஞ்சு வினாடி ஷாட்டுன்னா 120 ஃப்ரேம். கேவலமான வேலைன்னு சொல்லலை, கண்ணும் பொறுமையும் வேணும். ஆனா டிராகன் பறக்குற போஸ்டரைக் காட்டிச் சேத்துட்டு, கடைசியில முடியைச் சுத்தி கோடு போட அனுப்புறது நியாயமா? அந்தக் கோடு போடுறதையும் இப்ப ஏஐ கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டு வருது.

தொழிலோட இன்னொரு பக்கத்தையும் கவுன்சிலிங் மேடம் சொல்ல மாட்டாங்க. 'லைஃப் ஆஃப் பை' படத்துல புலியைச் செஞ்ச ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனி, அந்தப் படம் விஎஃப்எக்ஸுக்கு ஆஸ்கர் வாங்குன அதே 2013 பிப்ரவரியிலதான் திவால் மனு போட்டுச்சு. 2025 பிப்ரவரியில டெக்னிகலர் இந்தியாவுல கடையைச் சாத்துனப்ப சுமார் 3000 பேர் ஒரே வாரத்துல நடுத்தெருவுல. அவங்க யாரும் திறமை இல்லாதவங்க இல்லை.

இவ்வளவு ஏன் கத்துறேன்னா, எங்க சித்தப்பா கப்பலூர் சிட்கோவுல லேத் ஓட்டுறாரு. பையனைச் சேக்க, சித்தி நகையை அடகு வைக்கலாமான்னு யோசனையில இருக்காரு. அவர்கிட்ட நான் கேட்டது இதுதான்: "உங்க பட்டறைக்கு ஒரு பையன் வேலை கேட்டு வந்தா, சர்ட்டிபிகேட்டையா பாப்பீங்க? ஒரு ராடைக் குடுத்து கடையச் சொல்லி, வெர்னியர் வச்சு அளந்து பாப்பீங்கள்ல?"

விஎஃப்எக்ஸ்லயும் அதே கதைதான். அங்க ராடுக்குப் பேரு ஷோரீல். ரெண்டு நிமிஷ ரீல் நல்லா இருந்தா யாரும் சர்ட்டிபிகேட் கேக்க மாட்டாங்க. ரீல் மொக்கையா இருந்தா எந்தச் சர்ட்டிபிகேட்டும் காப்பாத்தாது.

அப்போ பள்ளியே வேண்டாமான்னா, வேணும். நீங்க செஞ்ச பொம்மை நடக்குறப்ப ஏன் காத்துல மிதக்குற மாதிரி இருக்கு, எடை எங்க விழணும்னு பக்கத்துல உக்காந்து திட்டுற வாத்தியார் வேணும். காசு அதுக்குத்தான். அதனால பணம் கட்டுறதுக்கு முன்னால நாலே கேள்வி:

போன வருசப் பசங்க அத்தனை பேரோட ரீலும் காட்டுவீங்களா? சுவத்துல ஒட்டியிருக்கிற ரெண்டு பேரோடது மட்டும் போதாது.

பாடம் எடுக்கிறவர் எந்தப் படத்துல, எந்த ஷாட் செஞ்சாரு?

படம் வரையவும், கேமரா, வெளிச்சம் பத்தியும் எத்தனை மாசம் சொல்லித் தருவீங்க?

பாதியில நின்னா மிச்ச ஃபீஸ் திரும்ப வருமா? எழுதித் தருவீங்களா?

முதல் கேள்விக்கே "பாஸ்வேர்ட் இல்லை சார், அட்மின் லீவு"ன்னு இழுத்தா எந்திரிச்சு வந்துருங்க.

அரசாங்கத்துலயும் வழி இருக்கு. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில இதுக்குன்னே நாலு வருசப் பட்டப்படிப்பு நடக்குது. 'உயிர்ப்பூட்டல் மற்றும் காட்சிப்பயன்'னு பேரு வச்சதால யாருக்கும் புரியாம போச்சு போல. சேருறதுக்கு முன்னால தம்பி வீட்டுலயே மூணு மாசம் ப்ளெண்டரை நோண்டட்டும். மூணு மாசத்துக்கு அப்புறமும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விட்டாத்தான் தூங்கப் போறான்னா, தாராளமா நல்ல பள்ளியாத் தேடிச் சேருங்க. பத்தாவது நாளே சலிச்சிருச்சுன்னா, சித்தி நகை சித்தி கழுத்துலயே இருக்கட்டும்.