ஜிபிஎஸ் கருவியை மொட்டை மாடியில் பழகுங்கள்!

கையில் போன் இருக்கும்போது தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி எதற்கு? மலையேற்றம் பற்றிப் பேச்சு வந்தாலே வகுப்பில் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். டவர் இல்லாத இடத்திலும் போனில் உள்ள ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைக்காவிட்டால் வெற்றுத் திரையில் ஒரு புள்ளிதான் மிஞ்சும். சார்ஜ் தீர்ந்தால் அதுவும் இல்லை. தனிக் கருவிகள் பல, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி இரண்டில் ஓடுபவை. தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் கருவி வாங்கிவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பேன். பலர் காட்டுக்குள் போன பிறகுதான் பெட்டியையே பிரிக்கிறார்கள். முதலில் மொட்டை மாடியில் ஒரு மாலைப் பொழுது பழகுங்கள் சார்!

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால்தான் கருவி இடத்தைச் சரியாகச் சொல்லும். திறந்த வானம் வேண்டும். ரொம்ப நாள் மூடி வைத்த கருவி என்றால் சில நிமிடம் பொறுமையும் வேண்டும்.

அடுத்தது எண்கள். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கிவிட்டது. இப்போது திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் கிடைக்கிறது. அதை நாமே கெடுத்துக்கொள்ள ஒரு புள்ளி போதும். சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 13 டிகிரி 05 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 16 நிமிடம் கிழக்கு. இதையே 13.05, 80.16 என்று தசமமாக அடித்தால் கருவி உங்களைப் போரூர்ப் பக்கம் அனுப்பிவிடும். சுமார் 12 கி.மீ. பிழை! ஊருக்குள் என்றால் ஆட்டோக் காசோடு போகும். காட்டில் காலொடிந்து கிடப்பவரின் இடத்தை இப்படிச் சொன்னால் தேடி வருபவர்கள் வேறு மலைக்குப் போவார்கள்.

வரைபடத்தின் 'டேட்டம்' என்ன என்றும் பாருங்கள். நம் பழைய சர்வே வரைபடங்கள் எவரெஸ்ட் முறையில் வரைந்தவை. கருவி டபிள்யூஜிஎஸ் 84-இல் இருந்தால் இரண்டும் நூறு மீட்டருக்கு மேல் விலகலாம்.

கிளம்பும் இடத்தைக் கருவியில் பதிந்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். தொடக்க இருப்பு எழுதாமல் பேரேடு எழுதுவோமா? அதுபோலத்தான். திரும்பும்போது அம்புக்குறி அந்த இடத்தை நேர்கோட்டில் காட்டும். நடுவில் பள்ளத்தாக்கு இருப்பது அதற்குத் தெரியாது, நாம்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. குழுவில் ஒருவருக்கு மட்டும் கருவி தெரிந்தால் போதும் என்ற நினைப்பு ஆபத்தானது. வழுக்கி விழுவது அந்த ஒருவராகவே இருந்தால்? எல்லோரும் ஒரு முறையாவது கையில் வாங்கிப் பாருங்கள். காகித வரைபடமும் காம்பஸும் பையிலேயே இருக்கட்டும்.