தயங்கிப் பேசுவோம்

தங்குதடையின்றிப் பேசுபவனே மொழி வல்லவன் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. "மடை திறந்த வெள்ளம்" என்று அவனைப் புகழ்கிறோம். "வந்து... வந்து..." என்று இழுப்பவனைக் கண்டால் நகைக்கிறோம், பேச்சுப் போட்டியில் அவனுக்கு மதிப்பெண்ணையும் குறைக்கிறோம். எழுதி, மனப்பாடம் செய்து, பலமுறை ஒத்திகை பார்த்த மேடைப் பேச்சுக்கு இந்த அளவுகோல் பொருந்தலாம். ஆனால் அதே கோலைக் கொண்டு அன்றாட உரையாடலையும் அளக்கத் தொடங்கினோம். அதன் விளைவாகவே நம் மாணவர் பலர் புதிய மொழி எதையும் பேச அஞ்சி வாய்மூடி நிற்கின்றனர் என்பது என் கருத்து.

பெங்களூர்க் கல்லூரிகள் பலவற்றில் பிரெஞ்சு மொழியை இரண்டாம் மொழியாகப் பயிலலாம். நம்மவர் சிலரும் பயில்கின்றனர். வினைச்சொல்லின் வடிவங்களைப் பிழையின்றி எழுதும் அதே மாணவர், வாய்மொழித் தேர்வில் ஊமையாகி விடுவதைக் காண்கிறேன். முழு வாக்கியமும் மனத்தில் உருவான பின்னரே வாய் திறப்பது என்று அவர் காத்திருக்கிறார். அதற்குள் கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

பிரெஞ்சுக்காரர் அப்படியா பேசுகின்றனர்? இல்லவே இல்லை. சொல் கிட்டாத இடத்தில் அவர்களும் இழுக்கின்றனர். 'ஓ' என்பதற்குக் குவிப்பது போல் உதடுகளைக் குவித்துக்கொண்டு 'ஏ' என்று ஒலித்துப் பாருங்கள். ஏறத்தாழ அதுதான் அவர்களுடைய இழுப்பொலி. சொல்லின் கடைசி உயிரை நீட்டுவதும் அவர்களிடம் உண்டு. 'அப்படியானால்' என்று பொருள்படும் 'அலோர்', 'கடைசியாக' என்று பொருள்படும் 'ஆன்ஃபேன்' போன்ற சொற்கள், பேச்சில் பலமுறை தம் பொருளை இழந்து, அடுத்த சொல் வரும்வரை இடம் பிடித்து வைக்கின்றன. நம் 'வந்து' வேறென்ன செய்கிறது? எவரும் எங்கிருந்தும் வரவில்லை. ஆயினும் 'அது வந்து' என்கிறோம்!

இஃது ஒரு நாட்டாரின் குறையன்று. ஆங்கிலேயர் 'அ', 'அம்' என்பர். சப்பானியர் 'அனோ' என்பர். ஆங்கில உரையாடலில் நூறு சொற்களுக்கு ஏறத்தாழ ஆறு இடங்களில் தடுமாற்றம் நிகழ்வதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். தாய்மொழியில் பேசுவோருக்கே அந்த நிலை என்றால், இரண்டாண்டு படித்தவன் தயங்கினால் என்ன குற்றம்?

குற்றமில்லை என்பது மட்டுமன்று. தயக்கத்திற்குப் பயனும் உண்டு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, கேள்விக்கும் விடைக்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கே என்று கண்டது. அதற்குள் சொல் கிட்டாதவன் வாளா இருந்தால், அவனுக்குப் பதில் தெரியவில்லை என்றே கேட்பவர் எண்ணக்கூடும். இழுப்பொலியோ, "நான் இன்னும் முடிக்கவில்லை, சற்றுப் பொறுங்கள்" என்று அறிவிக்கிறது. ஆங்கிலத்தில் 'அ' என்பது சிறு தாமதத்தையும் 'அம்' என்பது பெருந்தாமதத்தையும் முன்கூட்டி உணர்த்துகின்றன. எனவே அவையும் முறையான சொற்களே என்று ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ ஆகிய இருவரும் 2002இல் வாதிட்டனர்.

பொருள் தராத சொல்லுக்கும் வேலை உண்டு என்பது தமிழனுக்குப் புதிய செய்தியா? தொல்காப்பியர் தம் இடையியலில் அசைநிலை என்றும் இசைநிறை என்றும் பெயரிட்டு, அத்தகைய சொற்களுக்கு இலக்கணத்தில் இடம் தந்தார். பேச்சில் வரும் 'வந்து'வை அவர் குறிக்கவில்லை. ஆயினும், பொருளில்லை என்று ஒரு சொல்லைத் தூக்கி எறியாத அந்தப் பெருநோக்கு நமக்கு வழிகாட்ட வேண்டாவா?

தேர்வை எண்ணி நடுங்குவோருக்கு ஒரு சொல். 'டெல்ஃப்' என்னும் பிரெஞ்சுச் சான்றிதழ்த் தேர்வுகள், ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலைத் தழுவியவை. அதில் 'பி-1' என்னும் நிலையில் உள்ளவர், சொல்லையும் இலக்கணத்தையும் தேடி வெளிப்படையாகவே இடைநிறுத்தினாலும், புரியும்படி தொடர்ந்து பேசக்கூடியவர் என்றே கூறப்பட்டுள்ளது. தயக்கம் அங்கே எதிர்பார்க்கப்படுவது, எதிர்பார்க்கப்படாதது மௌனமே.

"அப்படியானால் இழுத்து இழுத்தே பேசலாமா?" என்று சிலர் கேட்கலாம். நான் சொல்வது அதுவன்று. எந்த மொழியைப் பேசுகிறோமோ அந்த மொழியிலேயே தயங்கப் பழகுவோம். பிரெஞ்சுப் பேச்சின் நடுவே நம் 'வந்து'வோ ஆங்கில 'அம்'மோ புகுந்தால், கேட்பவர் திகைப்பார், அல்லது ஆங்கிலத்திற்குத் தாவிவிடுவார். பிரெஞ்சு முறையில் இழுத்தால் நமக்காகக் காத்திருப்பார். பாடநூல் இதைப் பெரும்பாலும் கற்பிப்பதில்லை. காதுதான் கற்பிக்க வேண்டும்.

பிரெஞ்சுக்குச் சொன்னது கன்னடத்திற்கு இன்னும் பொருந்தும். இந்நகரில் மூன்றாண்டு, நான்காண்டு வாழ்ந்தும், தவறிவிடுமோ என்னும் நாணத்தால் கடைக்காரரிடமும் நடத்துநரிடமும் ஆங்கிலத்திலேயே பேசுவோர் நம்முள் எத்தனை பேர்! கன்னடர் பேச்சுக்கிடையே 'ஏனந்த்ரெ' என்று நிறுத்துவதைக் கேட்டிருப்பீர்கள். நம் 'என்னவென்றால்' என்பதன் உடன்பிறப்பன்றோ அது! அந்த ஒரு சொல்லைக் கற்றால், அடுத்த சொல்லைத் தேட ஒரு கணம் கிடைக்கும்.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறோம், நன்று. அதனோடு திங்களுக்கு ஒரு மாலை, கன்னடம், பிரெஞ்சு என்று அவரவர் பயிலும் மொழியில், கையில் குறிப்பின்றி உரையாடும் கூட்டமும் நடத்துவோம். அங்கே பரிசு வேண்டா, நடுவரும் வேண்டா. தடுமாறுபவரைக் கண்டு நகைப்பதில்லை என்னும் ஒரே விதி போதும். நண்பர்களே, சொல் வரும்வரை காத்திருக்க நாம் கற்றுக்கொண்டால், பேச அஞ்சுபவர் நம்மிடையே குறைவர்.