கன்னியம்மன் பிள்ளைகளைக் கூட்டி வைக்கும் செல்போன்!

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். சரி, ஊரே சிதறிக் கிடந்தால்? இழுக்கத் தேரும் இல்லை, கூடுவதற்குக் கோவிலும் இல்லை என்றால்? அப்படிப்பட்ட மக்கள் எங்கே கூடுவார்கள்?

கூடுகிறார்கள். ஆண்டுதோறும் கடற்கரையில் கூடுகிறார்கள். அவர்கள்தான் இருளர்கள்.

எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே போனால் காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் பக்கிங்காம் கால்வாயும், கொசஸ்தலை ஆற்றின் கழியும். இன்று அங்கே பெரிய துறைமுகம் இருக்கிறது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருக்கிறது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காக 2010-ம் ஆண்டு திறக்கப்பட்ட ஆலை அது.

எண்ணூர் முதல் பழவேற்காடு வரை உள்ள இந்த நீர்ப்பரப்பை நம்பிப் பிழைப்பவர்களில் இருளர்களும் உண்டு. அவர்களுக்குப் படகு தேவை இல்லை. வலையும் தேவை இல்லை. தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஒரு பறி. அவ்வளவுதான் அவர்கள் முதலீடு!

சிதறிய குடும்பங்கள்

2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். பாம்பு பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். 1978-ம் ஆண்டு அவர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. பாம்பின் விஷத்தை எடுத்து, விஷக்கடி மருந்து செய்யக் கொடுப்பது அந்தச் சங்கத்தின் வேலை. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஊருக்கு உயிர் காக்கும் மருந்து தந்தவர்கள். ஆனால், அவர்கள் வாழ்க்கை எப்படி?

ஒரே இடத்தில் ஆயிரம் குடும்பம் என்று அவர்கள் வாழ்வதில்லை. ஏரிக்கரையில் பத்து வீடு, கழி ஓரத்தில் ஐந்து வீடு. முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ! அரிசி ஆலைக்குள் போய் வெளியே வர முடியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ! கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்தி பலமுறை வந்திருக்கிறது.

அண்ணன் ஒரு சூளையில், தங்கை ஒரு ஆலையில் என்றால் உறவு எப்படி நிலைக்கும்?

மணலில் ஏழு படி

அந்த உறவைக் காப்பாற்றி வந்தவள் கன்னியம்மன்.

மாசி மகம் வந்துவிட்டால், வடமாவட்டங்களில் இருந்து இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்குப் புறப்படுகிறார்கள். சட்டி பானை, குழந்தை குட்டிகளோடு வந்து, புடவையைக் கட்டி நிழல் செய்து மணலில் தங்குகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன கன்னியம்மனை, அழைத்துச் சமாதானம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

மணலால் ஏழு படி கட்டுகிறார்கள். பூவும் பொரியும் தேங்காயும் வைக்கிறார்கள். பெரியவர் மேல் அருள் வருகிறது. பொழுது விடியும் நேரத்தில் கடல் ஓரமாக வழிபாடு நடக்கிறது. மொட்டை, காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அந்த மணலிலேயே நடக்கின்றன. பெண் பார்ப்பதும் அங்கேதான். பேசி முடிப்பதும் அங்கேதான்.

கோபுரம் இல்லை, உண்டியல் இல்லை. மறுநாள் அலை வந்தால் படியும் இல்லை. ஆனால் உறவு நிற்கிறது!

ஆண்டுக்கு ஒரு நாள் போதுமா?

ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும் என்று அந்தக் காலத்தில் இருந்தார்கள். வேறு வழி இல்லை. இப்போது வழி இருக்கிறது. அதுதான் செல்போன்.

பத்து வீட்டில் ஒரு வீட்டில் செல்போன் இருந்தாலும் சேதி பரவிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட, வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெரியம்மா பேசியதை விழுப்புரத்துத் தங்கை மகள் அடுத்த நிமிடமே கேட்கலாம்.

இப்படிச் சேருவது இருளர்களுக்கு மட்டும் உரியது அல்ல. மரத்தையும் மண்ணையும் நீரையும் கும்பிடுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். ஐஸ்லாந்து நாட்டைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட பழைய தெய்வங்களை வணங்க, அங்கே 1972-ம் ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஒருவர், இருவராகவே இருந்தார்கள். பக்கத்து வீட்டில் கிடைக்காத நட்பை இணையத்தில் தேடிப் பெற்றார்கள்.

நம் நாட்டில் ஜார்க்கண்ட் பழங்குடியினர் ‘சர்னா’ என்ற தோப்பில் வழிபடுகிறார்கள். 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 49 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தங்கள் மதம் ‘சர்னா’ என்றே எழுதச் செய்தார்கள். சிதறிக் கிடந்தவர்கள் ஒரே பேரைச் சொன்னதும், நாடு திரும்பிப் பார்த்தது. 2020-ம் ஆண்டு ஜார்க்கண்ட் சட்டசபை, அவர்கள் மதத்துக்குத் தனி இடம் கேட்டுத் தீர்மானம் போட்டது. சேர்ந்தால் பலம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

“ஏன் வரவில்லை?”

நட்பு என்றால் என்ன? சேர்ந்து சிரிப்பது மட்டுமா? இல்லை. ஒருவர் வராவிட்டால், “ஏன் வரவில்லை?” என்று கேட்பதுதான் நட்பு.

மாசி மகத்துக்கு ஒரு குடும்பம் வராவிட்டால், கடற்கரையில் மற்றவர்கள் கேட்பார்கள். ஆனால், அது ஆண்டுக்கு ஒரு முறைதான். அந்தக் குடும்பம் ஏதோ ஒரு சூளையில் அடைபட்டுக் கிடந்தால், ஒரு வருஷம் வீணாகிவிடும்! செல்போனில் வாரம் ஒரு முறை குரல் கேட்டுப் பழகியவர்கள், இரண்டு வாரம் குரல் வராவிட்டால் விசாரிப்பார்கள். கலெக்டர் ஆபீசுக்குச் சேதி போகும். கதவு திறக்கும். கன்னியம்மன் பேரால் சேர்ந்த நட்பு, ஒரு குடும்பத்தின் விலங்கையே உடைத்துவிடும்.

பிள்ளைகளின் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். வாங்கி முடித்தவர், வாங்காதவருக்கு வழி சொல்லலாம். இதற்கும் செல்போன் உதவும்.

எச்சரிக்கையும் வேண்டும்

கத்தி காயும் நறுக்கும், கையையும் நறுக்கும். முன்பணம் தருகிறேன் என்று ஆசை காட்டும் குரலும் அதே செல்போனில்தான் வரும். முகம் தெரியாதவன் பேச்சை நம்பி மூட்டை கட்டக் கூடாது. தெரிந்தவர் நாலு பேரிடம் கேட்ட பிறகே வேலைக்குப் புறப்பட வேண்டும்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மணலில் குடும்பம் குடும்பமாகச் சாமி கும்பிடுகிறவர்களை, வேடிக்கைப் பொருளாக எண்ணிப் படம் பிடிக்கக் கூடாது. அருள் வந்து ஆடும் தாயின் படத்தை, அவளைக் கேட்காமல் ஊர் முழுவதும் அனுப்புவது அநாகரிகம். நம் வீட்டுப் பூஜை அறைக்குள் ஒருவன் கேட்காமல் நுழைந்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

அரசாங்கத்துக்கும் கடமை உண்டு. மாசி மகத்தன்று கடற்கரையில் குடிநீர் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், விளக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழு படி கட்ட அந்த மணல் அவர்களுக்கு என்றும் இருக்க வேண்டும். காட்டுப்பள்ளியில் துறைமுகம் வளரட்டும்; ஆலை வளரட்டும். ஆனால், இறால் தடவும் கழி சாகக் கூடாது. கழி செத்தால் குடும்பம் மறுபடியும் சூளைக்குத்தான் போகும்.

செல்போன் கூப்பிடும், கூட்டி வைக்கும். ஆனால் சாமி கும்பிட மணல் வேண்டும், பிழைக்கத் தண்ணீர் வேண்டும், தோளில் கை போடப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். கூப்பிட்ட குரலைக் கேட்டதும் கால் நடக்க வேண்டும். அப்போதுதான் அது உறவு!