புயலுக்கும் பெயர் சூட்டு விழா!

"ஏனுங்க்கா, புயலுக்கெல்லாம் யாருங்க பேர் வைக்கிறது?" என்று பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் கேட்டாள். நம் சோமனூரில் கடல் இல்லைதான். ஆனால், புயல் மழையில் கரண்ட் போனால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். ஆகவே, நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது.

நம் பக்கத்துப் புயல்களுக்கு 2004 முதல் பெயர் உண்டு. முன்பு 8 நாடுகள், 2020 முதல் 13 நாடுகள் பெயர் தந்திருக்கின்றன. 2018-ல் வந்த 'கஜா' இலங்கை தந்தது. யானை என்று பொருள். இந்தியா தந்தவற்றில் 'முரசு', 'நீர்' இரண்டும் நம் தமிழ்!

காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் பெயர். பெயரில்லாத தாழ்வு மண்டலமும் கொட்டித் தீர்க்கும், சகோதரிகளே! எனவே, பேர் வைக்கட்டும் என்று காத்திராமல், மழை எச்சரிக்கை வந்ததுமே குடிநீரைக் காய்ச்சி நிரப்புங்கள். குழந்தையின் மருந்தையும் ரேஷன் கார்டையும் நனையாமல் பத்திரப்படுத்துங்கள்.