16 பந்து வாத்தியார்கள்! முதல் மார்க் யாருக்கு?

அமெரிக்காவில் அலபாமா என்று ஒரு மாநிலம். அங்கே டஸ்கலூசா என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். ஊரின் ஜனத்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே!

சனிக்கிழமை ஆட்டம் என்றால் மைதானம் நிரம்பி வழியும். ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். ஆனால் ஜனங்களின் கண் பாதி நேரம் அவர்கள் மேல் இருக்காது. மைதானத்தின் ஓரத்தில், காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். ஜெயித்தால் அவருக்குச் சிலை. தோற்றால் அவருடைய சீட்டுக் கிழியும்!

இது என்ன ஆட்டம்?

பெயர் கால்பந்து. ஆனால் காலால் உதைப்பது கொஞ்சம்தான். பந்து உருண்டையாக இராது, நீள்வட்டமாக இருக்கும். அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். தூர வீசுவார்கள். எதிராளிகள் மோதிக் கீழே தள்ளுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர்.

பந்து வைத்திருப்பவர் விழுந்ததும் ஆட்டம் நிற்கும். "அடுத்து இப்படிச் செய்" என்று ஓரத்திலிருந்து உத்தரவு வரும். ஏறக்குறைய சதுரங்கம் போல. காய்கள் மாணவர்கள். நகர்த்துகிறவர் பயிற்சியாளர். ஆகவேதான் அவருக்கு இத்தனை மவுசு.

தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1932-ம் ஆண்டில் ஒரு கூட்டு அமைத்தன. "தென்கிழக்குக் கூட்டு" என்று சொல்லலாம். 2024-ல் டெக்சாசும் ஒக்லகோமாவும் சேர்ந்த பிறகு, அதில் 16 பல்கலைக்கழகங்கள். ஆகவே 16 தலைமைப் பயிற்சியாளர்கள். இவர்களில் யார் கெட்டிக்காரர், யார் மட்டம் என்று ஆண்டுதோறும் பத்திரிகைகள் வரிசை போடுகின்றன. வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடக்கிறது!

பழைய அரசர்

பல ஆண்டுகள் முதல் இடத்தைப் பற்றிப் பெரிய சண்டை இல்லை. அலபாமாவின் நிக் சாபன் அங்கே உட்கார்ந்திருந்தார். தேசிய சாம்பியன் பட்டத்தை 7 தடவை வென்றவர். ஒன்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில். ஆறு அலபாமாவில். 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அவர் எழுந்ததும் நாற்காலிக்குப் போட்டி வந்துவிட்டது.

சாபனிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர் கிர்பி ஸ்மார்ட். 2016 முதல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். தாம் படித்து, ஆடிய கல்லூரிக்கே வாத்தியாராக வந்தவர். 2022 ஜனவரியில் குருவின் அணியையே வீழ்த்தி தேசியப் பட்டம் வென்றார். ஜார்ஜியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பட்டம் அது! மறு ஆண்டும் விடவில்லை. இறுதி ஆட்டத்தில் 65-7 என்று எதிரியைத் துவைத்து எடுத்தார்.

2024-ல் போட்ட ஒப்பந்தப்படி இவர் சம்பளம் ஆண்டுக்கு 1 கோடியே 30 லட்சம் டாலர். நம் பணத்தில் நூறு கோடி ரூபாய்க்கு மேல். அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளம் 4 லட்சம் டாலர்தான். அதைப்போல 30 மடங்குக்கு மேல்! அடேயப்பா!

விரட்டினாலும் பணம்!

வேடிக்கை அதோடு முடியவில்லை. வேலையை விட்டு அனுப்பினாலும் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியும் முன் அனுப்பினால், மிச்ச ஆண்டுகளின் சம்பளத்தில் பெரும்பகுதி அவருக்குச் சேரும்.

2023-ல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் ஜிம்போ பிஷர் என்பவரை அனுப்பியது. அதற்காக ஏற்றுக்கொண்ட தொகை 600 கோடி ரூபாய்க்கு மேல். 2025 அக்டோபரில் லூசியானாவில் பிரையன் கெல்லிக்குச் சீட்டுக் கிழிந்தது. அவருக்குச் சேர வேண்டிய தொகை 5 கோடி டாலருக்கு மேல். பணம் யார் தலையில் விழும் என்று மாநில கவர்னரே நிருபர்களிடம் குறைபட்டுக்கொண்டார்!

2025 செப்டம்பர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை, இந்த 16 பேரில் 5 பேர் வேலை இழந்தார்கள். இன்னொருவர் தாமாகவே தாவினார்.

நடுவில் தாவியவர்

அவர் லேன் கிப்பின். மூளைக்காரர். ஆட்ட நுணுக்கத்தில் இவரை மிஞ்ச ஆள் குறைவு. ஆனால் கால் ஓரிடத்தில் நிற்காது. 2009-ல் டென்னசியில் ஒரே ஒரு பருவம் இருந்தார். மறு ஜனவரியில் கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார். மாணவர்கள் ஆத்திரத்தில் தெருவில் இறங்கிவிட்டார்கள். 2013-ல் கலிபோர்னியாக்காரர்கள் இவரை அனுப்பினார்கள். எங்கே தெரியுமா? ஓர் ஆட்டத்தில் தோற்றுத் திரும்பும்போது, நள்ளிரவுக்கு மேல், விமான நிலையத்தில்!

பிறகு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு வந்து அணியைத் தூக்கி நிறுத்தினார். 2025-ல் 12 ஆட்டங்களில் 11 வெற்றி. தேசியப் பட்டத்துக்கான ஆட்டங்கள் வரப்போகும் நேரம். அப்போதுதான், நவம்பர் 30-ந் தேதி, போட்டிக் கல்லூரியான லூசியானாவுக்குப் போய்விட்டார். மாணவர்கள் அவர் இல்லாமல்தான் ஆட வேண்டியதாயிற்று.

மாணவர்களைச் சேர்க்கப் பயிற்சியாளர்கள் வீடு வீடாகப் போவார்கள். தாய் தகப்பனோடு உட்கார்ந்து பேசுவார்கள். "உங்கள் பையனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லித்தான் அழைத்துப் போகிறார்கள். அந்த வாக்குக்கு என்ன மதிப்பு? வரிசை போடுகிறவர்கள் இதற்கு மார்க் போடுவதில்லை. போட வேண்டாமா?

நோஞ்சான் கல்லூரி

கையில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பதினாறில் ஒன்றே ஒன்றுதான் தனியார் பல்கலைக்கழகம். நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட். படிப்பில் கெட்டி, பந்தில் பல காலம் நோஞ்சான். பெரிய அணிகள் அதை எளிதாக ஊதித் தள்ளும்.

2021-ல் கிளார்க் லீ அங்கே பொறுப்பேற்றார். இவரும் அதே கல்லூரியில் படித்து ஆடியவர்தான். முதல் ஆண்டு 12 ஆட்டத்தில் 2 வெற்றி. மூன்றாம் ஆண்டும் அதே 2! வேறு கல்லூரியாக இருந்தால் பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். வாண்டர்பில்ட் பொறுத்தது.

பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத டியாகோ பாவியா என்ற பையனை லீ சேர்த்துக்கொண்டார். 2024 அக்டோபர் 5-ந் தேதி, நாட்டில் முதல் இடத்தில் இருந்த அலபாமா வந்தது. வாண்டர்பில்ட் 40. அலபாமா 35! மாணவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்து, நகரத் தெருக்கள் வழியே போய், கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள்! கூட்டு அந்தக் கல்லூரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது.

2025-ல் அந்த அணிக்கு 10 வெற்றி. கல்லூரி வரலாற்றிலேயே அதற்கு முன் 10-ஐ எட்டியதில்லை.

முதல் மார்க் ஸ்மார்ட்டுக்கே. இரண்டு தேசியப் பட்டம்; அதோடு பத்து ஆண்டு ஒரே இடம். அதை மறுக்க முடியாது. ஆனால் நாட்டின் சிறந்த பையன்கள் அவரிடம் தேடி வருகிறார்கள். லீயிடம் யார் வந்தார்கள்? அதனால் இரண்டாம் மார்க் லீக்கு. வெற்றிக் கணக்கில் கிப்பின் முந்துவார் என்பது உண்மைதான். ஆனாலும் அவருக்கு மூன்றாவதுதான்.

கல்லூரிகள் ஆள் தேடி அலைந்த அந்த 2025 நவம்பரில், லீயின் பெயரும் வெளியே அடிபட்டது. அந்த மாதமே அவர் வாண்டர்பில்டுடன் மேலும் 6 ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டார்.