உரக்கிடங்குன்னு பேர் வச்சா உரம் இருக்கணும்

நகராட்சி குப்பை கொட்டுற இடத்துக்கு எங்க பக்கம் 'உரக்கிடங்கு'ன்னு பேர். மூக்கைப் பொத்திக்கிட்டுக் கடக்குற இடத்துக்கு ஏன் இப்படி ஒரு பேருன்னு பட்டணத்துல இருக்குற உங்களுக்குத் தோணலாம். நான் சின்னப் பையனா இருக்கும்போது அங்க நிஜமாவே உரம் இருந்துச்சு. ஊர்க் குப்பையைக் குழியில மக்க வச்சு விப்பாங்க. சம்சாரிங்க மாட்டுவண்டி கட்டிப் போய் வாங்கிட்டு வந்து வயல்ல பரப்புவாங்க. அப்போ குப்பைன்னா சாம்பல், வாழை இலை, சாணி, காய்கறித் தோல். இன்னைக்கு அதையே ஓசியில கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். கண்ணாடியும் பிளேடும் கேரி பேக்கும் கலந்த குப்பையில எந்த சம்சாரி கால் வைப்பான்?

இப்போ பழைய கிடங்குகளை ஒவ்வொண்ணா மூடப் போறாங்க. சென்னை கொடுங்கையூர்ல 252 ஏக்கர்ல கிடந்த 66 லட்சம் டன் குப்பையை 640 கோடி ரூபாய்க்கு மேல செலவு பண்ணி சலிக்கிறாங்க. பயோ மைனிங்னு பேரு. பிளாஸ்டிக் சிமென்ட் ஆலைக்கு எரிக்கப் போகும், மண் தனியா வரும். நல்ல வேலைதான். ஆனா பேட்டரி, பெயிண்டோட பல வருசம் கிடந்த மண்ணைப் பரிசோதிக்காம 'உரம்'னு சொல்லி எங்க தலையில கட்டக் கூடாது.

அதைவிடப் பெரிய கேள்வி, கிடங்கை மூடுன மறுநாள் காலையில சேருற குப்பை எங்க போகும்? 'ஊருக்கு வெளியே'ன்னு சுலபமா சொல்லிடுவீங்க. உங்க ஊருக்கு வெளியே இருக்குறது எங்க ஊரு.

திருவனந்தபுரத்தைப் பாருங்க. அந்த மாநகரத்துக் குப்பையெல்லாம் விளப்பில்சாலைங்கிற கிராமத்துக்குப் போச்சு. நாத்தம் தாங்காம 2011 டிசம்பர்ல அந்த ஊர் ஜனங்க ஆலையைப் பூட்டிட்டாங்க. மாற்று இடம் தயாரா இல்லாததால நகரமே திணறிப்போச்சு. அப்புறம்தான் வீட்டுக்கு வீடு உரத்தொட்டி, தெருவுக்குத் தெரு காற்றோட்டமான மக்கும் தொட்டின்னு வச்சாங்க. அந்த வழி ஓரளவு பலிச்சது. ஆனா வழி செய்யாம விட்ட கழிவு மலை தாண்டி வந்துச்சு. 2024 டிசம்பர்ல திருநெல்வேலி பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ல அந்த ஊர் மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு, கேரளாவுல இருந்து லாரி வந்து அள்ளிட்டுப் போச்சு.

கேரளாவை மட்டும் ஏசிப் புண்ணியமில்லை. நம்ம டவுன் குப்பையும் நம்ம குளத்தங்கரையிலதான் எரியுது.

எங்க சங்கரன்கோவிலையே எடுத்துக்கோங்க. பூ மார்க்கெட்ல மிஞ்சுற பூ, ஓட்டல் எச்சில் இலை, ஆடித்தபசு கூட்டம் விட்டுட்டுப் போற வாழை இலை, இதெல்லாம் சம்சாரிக்குத் தங்கம். ஒவ்வொரு வார்டுலயும் ஒரு கூரை, நாலு தொட்டி, அடுக்கடுக்கா காய்ஞ்ச சருகு, கொஞ்சம் சாணிக் கரைசல் இருந்தா ரெண்டு, மூணு மாசத்துல உரமாயிரும். சருகு சரியாப் போட்டு, தண்ணி அளவா தெளிச்சா நாத்தம் பெரிசா வராது. 'எங்க தெருவுல வேண்டாம்'னு சண்டை பிடிக்கிறவங்க பயம் நியாயமானதுதான். நாத்தமடிச்சா யாரைக் கேக்கணும், எத்தனை நாள்ல சரி பண்ணுவாங்கன்னு எழுதிக் கொடுத்துட்டு ஆரம்பிக்கட்டும். அந்தக் கூட்டத்துக்கு சுத்துப்பட்டு சம்சாரிங்களையும் கூப்பிடட்டும். உரத்தை வாங்கப் போறது நாங்கதானே.

குப்பையை வீட்டுலயே தரம் பிரிக்கணும்னு 2016-லயே மத்திய அரசு விதி போட்டாச்சு. அந்த விதி உங்க அடுப்படியில நடக்கணும், தூய்மைப் பணியாளர் கையில இல்ல. வண்டி வரும்போது ரெண்டு வாளி தனித்தனியா நீட்டுங்க. நாப்கினையும் ஊசியையும் தனியாச் சுத்திக் கொடுங்க. கலக்காத குப்பையைக் கொடுத்தா, மாட்டுவண்டிக்குப் பதிலா டிராக்டர் கொண்டுவந்து நாங்க ஏத்திக்கிடுதோம். அதுல விளைஞ்ச கத்திரிக்காய் உங்க வீட்டுக்குத்தான் வரும்.