இரைச்சல் நின்றது!

செஞ்சிக் கோட்டைப் பாறைகள் பகலெல்லாம் காய்ந்து, இரவிலும் அனல் வீசும் ஊர் எங்களுடையது. கோடையில் எங்கள் பழைய கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரைய ஆரம்பித்தது. "தூக்கிப் போட்டுவிடு!" என்றார் அவர். பெண்ணின் படிப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது!

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்து மூடியைக் கழற்றினேன். பின்பக்க விசிறியில் தூசி அடை அடையாக! துடைத்தும் சத்தம் போகவில்லை, பேரிங் தேய்ந்திருந்தது. அளந்தேன்: 80 மில்லிமீட்டர், 12 வோல்ட். அதே அளவில், அதே மாதிரி பின் உள்ளதாக வாங்கி, காற்று வெளியே போகும்படி நான்கு ஸ்க்ரூக்களால் பொருத்தினேன்.

சகோதரிகளே, பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இப்போது வீட்டில் இரைச்சல், அவருடைய குறட்டை ஒன்றுதான்!